டகோமாவுக்கு 33 அங்குல டயர் மாட்டிய கதை

என் வண்டி 2017 டொயோட்டா டகோமா பிக்கப். காட்டுப் பாதைக்கான டி.ஆர்.டி. ஆஃப் ரோடு மாடல், நான்கு கதவு டபுள் கேப், வி6, ஆட்டோமேட்டிக். வீடு டென்வருக்குச் சற்று மேற்கே, மலை தொடங்கும் இடத்தில். வாங்கும்போது வண்டியில் இருந்த டயர் 265/70 ஆர்16. இப்போது ஓடுவது 17 அங்குல ரிம்மில் 285/70 ஆர்17. டயரை ரிம்மில் ஏற்றுவது, வெல்டிங், அலைன்மென்ட், இந்த மூன்றுக்கும் காசு கொடுத்து ஆள் பிடித்தேன். மற்ற வேலையெல்லாம் கராஜ் வாசலில் நானே செய்ததுதான். இங்கே டகோமா வைத்திருக்கும் நம்ம ஆட்கள் சிலர் கேட்டார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 285 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். அதில் 70 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 199.5. மேலும் கீழுமாக இரண்டு பக்கச் சுவர், நடுவில் 17 அங்குல ரிம். கூட்டினால் 831 மி.மீ. வருகிறது. பழைய டயர் இதே கணக்கில் 777. ஊரெல்லாம் இதை 33 என்று சொன்னாலும் உண்மையில் இது 32.7 அங்குலம்தான். விட்டத்தில் 53 மி.மீ. கூடினால் ஆக்சில் தரையிலிருந்து உயர்வது அதில் பாதி, ஏறக்குறைய ஓர் அங்குலம். இவ்வளவு பாடும் அந்த ஓர் அங்குலத்துக்கா என்றால், ஆமாம், அதற்குத்தான். பின் ஆக்சிலின் நடுவே தொங்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் கல்லில் இடிக்காமல் தாண்டுவதற்கு ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் பயனில்லை. ஆக்சிலைத் தூக்க டயரால் மட்டுமே முடியும்.

இதில்தான் பலர் குழம்புகிறார்கள். "ரெண்டரை இன்ச் லிஃப்ட் போட்டுட்டா 33 தாராளமா உட்காரும்" என்று யாராவது சொன்னால் பாதியை மட்டும் நம்புங்கள். லிஃப்ட், அதாவது சஸ்பென்ஷனை உயர்த்தும் பாகங்கள் போட்டால் வண்டி நிற்கும்போது சக்கரத்துக்கு மேலிருக்கும் ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவே இடம் தெரியும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பள்ளத்தில் இறங்கி சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கும்போது, அமுங்கலுக்கு எல்லை வைக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் பழையதாகவே இருந்தால், டயர் முன்பு எங்கே போய் நின்றதோ அங்கேதான் போய் நிற்கும். அதோடு, டகோமாவில் டயர் உரசுவது பெரும்பாலும் மேலே இல்லை, பின்னால். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன் டயரின் பின் ஓரம் கேபினைத் தாங்கும் பாடி மவுன்ட்டைப் போய்த் தொடும். அதற்குச் சற்று மேலே, சக்கரக் குழியின் உள்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் லைனருக்குப் பின்னால் இரண்டு தகடுகள் சேரும் மடிப்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பிஞ்ச் வெல்ட் என்பார்கள். மூன்றாவது இடம் முன் பம்பரின் கீழ் மூலை. லிஃப்டுக்குச் செலவழிக்கும் காசைவிட இந்த மூன்று இடங்களுக்குச் செலவழிக்கும் நேரம்தான் முக்கியம். என் வண்டியில் சுமார் இரண்டு அங்குல லிஃப்ட் முன்பே இருந்தது, அதைத் தொடவில்லை.

டயர் தேர்வில் அதிகம் யோசிக்கவில்லை. பனிக்குத் தகுதியானது என்று காட்டும், மலைச்சின்னத்துக்குள் பனிப்பூ முத்திரை இருக்கும் ஆல் டெரெய்ன் டயர் வேண்டும், அவ்வளவுதான். ஐ-70 நெடுஞ்சாலையில் டாட்செரோவுக்கும் மாரிசனுக்கும் இடையே செப்டம்பர் முதல் மே வரை, பனிச் சாலைக்குத் தகுந்த டயர் கேட்கும் கொலராடோவின் டிராக்‌ஷன் சட்டம் அமலில் இருக்கும். டயரின் பட்டன் ஆழம் குறைந்தது 3/16 அங்குலம் இருக்க வேண்டும். யோசித்தது பாரம் தாங்கும் ரகத்தைப் பற்றித்தான். இந்த அளவில் ஈ ரகம் ஒன்றே பெரும்பாலும் 55 பவுண்டைத் தாண்டும். பத்து பிளைக்கு (அடுக்குக்கு) இணையான பலம் என்று குறிக்கப்படும் முரட்டு டயர். நான் டிரெய்லர் இழுப்பதில்லை, கட்டுமானச் சாமான் ஏற்றுவதில்லை. எனக்கு சி ரகம் போதும். எடை குறைவு, குலுக்கலும் குறைவு. பார்க்கிங்கில் மற்றவர் பார்வைக்காக ஈ ரகம் வாங்கி, தினமும் அலுவலகத்துக்கு முதுகு குலுங்கப் போவதில் எனக்கு விருப்பமில்லை.

ரிம் மாற்றுகிறவர்கள் நட்டைக் கவனிக்க வேண்டும். டொயோட்டாவின் அலாய் ரிம்முக்கு வருவது தட்டையான வாஷரோடு கூடிய நட்டு. வெளியில் வாங்கும் ரிம்கள் பெரும்பாலும் கூம்பு வடிவ நட்டு கேட்கும். மரை இரண்டுக்கும் ஒன்றுதான், எம்12, 1.5 பிட்ச். அதனால் பழைய நட்டு புது ரிம்மில் சமர்த்தாக ஏறிவிடும், இறுகியது போலவும் தெரியும். ஆனால் ரிம்மில் சரியாக உட்கார்ந்திருக்காது. நெடுஞ்சாலையில் சக்கரம் ஆடும்போதுதான் விஷயம் தெரியவரும். புது நட்டு ஒரு செட் ரிம்மோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். ரிம்மின் நடு ஓட்டை 106.1 மி.மீ. என்றால் ஹப்பில் கச்சிதமாகப் பொருந்தும்.

சரி, வேலைக்கு வருவோம். ரிம்மில் ஏற்றி, பேலன்ஸ் செய்த டயர்களைக் கடையிலிருந்து பின்பெட்டியிலேயே போட்டு எடுத்து வந்தேன். கான்கிரீட் தரை, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, சேஸிஸுக்கு அடியில் மூன்று டன் ஜாக் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கையை விடக் கூடாது. இதை எனக்குச் சொல்லித்தந்தவர் ஊரில் எங்கள் தெரு மெக்கானிக். அவருடைய இடது கையில் ஒரு விரல் பாதிதான் இருந்தது, அதற்குமேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பின் சக்கரம் இரண்டும் மாட்டியதும் முடிந்தது. பின்னால் எதுவும் உரசவில்லை. முன்பக்கம் மட் ஃபிளாப்பைக் கழற்றிவிட்டு ஒரு சக்கரத்தை மாட்டி, அதன் அடியில் மரக்கட்டைகளை அடுக்கி ஏற்றி, சஸ்பென்ஷனை அமுக்கி ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தேன். எங்கே தொடும் என்று கண்ணால் தேடுவதைவிட, லைனர் முழுக்க வெள்ளைச் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது நல்லது. சாக்பீஸ் அழிந்திருக்கும் இடம்தான் வெட்ட வேண்டிய இடம். வலது பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு அழிந்திருந்தது. இடது பக்கத்தில் அதைவிடக் கொஞ்சம் குறைவு.

லைனரைக் கழற்றும் கிளிப்புகள் குளிரில் பட்பட்டென்று உடையும், உபரியாக ஒரு பாக்கெட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லைனர் வெளியே வந்ததும் பிஞ்ச் வெல்ட் கண்ணுக்குத் தெரியும். கட்டைவிரல் அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் இரட்டைத் தகடு. அதை மூன்று பவுண்டு சுத்தியலால் அடித்துப் பின்பக்கமாக மடக்க வேண்டும். அடிக்கும் முன் கேபினுக்குள் கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றி, பின்னால் ஒயர் எதுவும் ஒட்டிப் போகிறதா என்று பார்த்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அம்மா வீடியோ காலில் வந்தார். "ஏம்ப்பா, நல்லா இருக்கிற வண்டியை எதுக்குச் சுத்தியலால அடிக்கிற?" என்று கேட்டார். டயர் பெரிசும்மா, இடம் பத்தலை என்றேன். "அப்போ சின்ன டயரே போடலாம்ல?" என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை.

ஓங்கி அடிப்பதைவிட, சிறிது சிறிதாக மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தால் தகடு கிழியாமல் மடங்கும். மடங்கியதும் அந்த இடத்தில் பெயின்ட் உரிந்து வெள்ளைத் தகடு தெரியும். அதை அப்படியே விட்டால் துருதான். இங்கே பனிக்காலத்தில் சாலையில் மக்னீசியம் குளோரைடு தெளிப்பார்கள், இரும்பைச் சும்மா விடாது. துரு தடுக்கும் பிரைமர், அதன்மேல் தகட்டு இணைப்பை மூடும் சீம் சீலர், அதன்மேல் கறுப்புப் பெயின்ட். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. பிறகு லைனரைத் திரும்ப மாட்டி, ஹீட் கன்னால் சூடாக்கி, கையுறையோடு உள்பக்கமாக அழுத்திப் பிடித்தேன். பிளாஸ்டிக் குழைந்து, தகட்டின் மேலேயே படிந்து நின்றுவிட்டது. பம்பரின் கீழ் மூலையைக் கத்தியால் சீவியது கால் மணி நேர வேலை.

மிச்சம் பாடி மவுன்ட். ரிம் ஹப்பில் உட்காரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். நான் வாங்கிய ரிம்மில் அது பூஜ்ஜியம், அதாவது பழைய ரிம்மைவிடச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். வெளியே போகப் போக, ஒடிக்கும்போது டயர் பெரிய வட்டமாகச் சுழன்று பின்னால் மோதும். பழைய ஆஃப்செட்டை ஒட்டிய ரிம் கிடைத்தால் மவுன்ட்டை வெட்டத் தேவைப்படாமலே போகலாம். எனக்குப் பிடித்த ரிம் அந்த அளவில் கிடைக்கவில்லை. மவுன்ட்டின் முன்முகத்தை ஆங்கிள் கிரைண்டரால் சாய்வாக அறுத்து, திறந்த வாயை இரும்புத் தகட்டால் மூடிப் பற்றவைக்க வேண்டும். அறுக்கும் கோட்டை நடுவில் இருக்கும் ரப்பர் புஷ்ஷிலிருந்து தள்ளியே போட வேண்டும், கேபின் உட்காருவது அதன் மேல்தான். அறுத்தது நான். வெல்டிங் எனக்கு வராது, அதனால் வீட்டுக்கே வந்து செய்யும் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் வந்ததும் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றச் சொன்னார். வெல்டிங் மின்சாரம் வண்டியின் கம்ப்யூட்டர்களுக்குள் போய்விடக் கூடாதாம். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போனார். தகடு வெட்டிய மிச்சத்தைப் பெருக்குவதற்கு எனக்கு அதைவிட அதிக நேரம் ஆனது.

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு வாசலில் வண்டி வேலை செய்வது ஆகாது. கிரைண்டர் சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பெரியவர் வந்தார். புகார் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்கிறேனா என்று பார்த்துவிட்டு, டார்ச் பிடிக்க நின்றுகொண்டார். சங்கத்திலிருந்து கடிதம் வரத்தான் செய்தது, ஆனால் அதற்குள் வேலை முடிந்துவிட்டது.

நட்டுகளை நட்சத்திர வரிசையில் 83 அடி-பவுண்டுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். ஐம்பது மைல் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும். புது ரிம்மில் நட்டு கொஞ்சம் உட்காரும்.

அலைன்மென்ட் கடைக்குப் போகும் முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மில் இருக்கும், அலைன்மென்ட்டை மாற்றத் திருப்பும் கேம் போல்ட்டுகளில் துரு இளக்கும் ஆயிலை முதல் நாளே அடித்து ஊறவிடுங்கள். இறுகிப்போனால் அங்கே ரம்பத்தை எடுப்பார்கள், பில்லும் ஏறும். கடைக்காரரிடம் "கேஸ்டர் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கொடுங்கள், மற்றது கம்பெனி அளவு" என்று சொன்னேன். சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவுதான் கேஸ்டர். கேம் போல்ட்டைத் திருப்பிக் கீழ் ஆர்மை முன்னால் தள்ளினால் சக்கரமே சற்று முன்னால் நகரும், பாடி மவுன்ட்டிலிருந்து விலகும். ரொம்பத் தள்ளினால் முன் பம்பர் லைனரில் உரசும், நடுவில் ஓர் இடம் பிடிக்க வேண்டும். சில மில்லிமீட்டர்தான். ஆனால் கடைசியாக மிச்சமிருந்த உரசல் இதில்தான் போனது.

காற்றழுத்த சென்சாருக்குப் பழைய சென்சாரின் அடையாள எண்ணையே புது சென்சாரில் எழுதித் தரச் சொன்னால், டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியாது. ஸ்டெப்னியும் அதே அளவில் வேண்டும். பின் ஆக்சிலில் ஒரு பக்கம் 33, மறுபக்கம் பழைய டயர் என்று ஓட்டினால் டிஃபரன்ஷியல் ஓயாமல் சுழன்று சூடாகும், நான்கு சக்கர ஓட்டத்தில் போட்டால் இன்னும் மோசம். எனவே வாங்க வேண்டியது ஐந்து டயர். ஐந்தாவதைப் பின்பெட்டிக்கு அடியில் ஏற்ற, காற்றைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருந்தது. வண்டியோடு வந்த ஜாக்கிக்கு இப்போது உயரம் போதாது, ஒரு கனமான மரக்கட்டையும் அதோடு போகிறது.

கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் காற்றழுத்தம் பழைய டயருக்கானது, புது டயருக்கு ஒத்துவராது. 36 பி.எஸ்.ஐ. வைத்து, டயரின் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு, நேர்ச்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் அழிந்தால் குறைவு. நடுவில் கொஞ்சம் அதிகமாக அழிந்திருந்ததால் 34-க்கு இறக்கினேன், கோடு சீராக அழிந்தது.

ஓட்டுவது எப்படி இருக்கிறது என்றால், காட்டுப் பாதையில் பிரமாதம். முன்பு நின்று யோசித்த படிக்கட்டுப் பாறைகளில் இப்போது மெதுவாக ஏறிவிடுகிறேன். தார்ச்சாலையில் அந்த அளவுக்கு இல்லை. சுற்றளவு கிட்டத்தட்ட 7 சதவீதம் கூடிவிட்டது. கணக்குப்படி மீட்டர் 65 காட்டும்போது வண்டி 69-ஐத் தாண்டும். மைல் மீட்டரும் அதே அளவு குறைத்து எண்ணுவதால், டாஷ்போர்டு கேலனுக்கு 16 மைல் என்றால் உண்மையில் 17. டயர் மாற்றியதும் மைலேஜ் படுத்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் இந்தத் திருத்தத்தைச் செய்துவிட்டுப் புலம்பலாம். படுக்கத்தான் செய்திருக்கிறது, ஆனால் மீட்டர் சொல்லும் அளவுக்கு இல்லை. பிரேக்கைச் சற்று முன்னதாகவே மிதிக்க வேண்டியிருக்கிறது. அம்மா கோடையில் வந்தபோது ஏறுவதற்கு மடக்கு ஸ்டூல் ஒன்று வாங்கினேன், அது பின்சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது.

உண்மையான தொந்தரவு ஐ-70 ஏற்றத்தில்தான். டென்வரே 5,280 அடி, ஐசன்ஹவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல். டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் பலம் இழக்கும். அதன்மேல் இந்த டயர். ஆட்டோமேட்டிக்கின் ஆக்சில் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது, 3.91, பெரிய டயரோடு அது 3.66 போல நடந்துகொள்கிறது. கியர் ஐந்துக்கும் நான்குக்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டே இருக்கும். இப்போதைக்கு, கியரை நாமே கட்டுப்படுத்தும் எஸ் மோடில் போட்டு நான்கிலேயே பிடித்து ஏறுகிறேன். இதற்கு 4.88 விகித ஆக்சில் கியர் போடுவதுதான் தீர்வு என்கிறார்கள், முன் பின் இரண்டு ஆக்சிலிலும் மாற்ற வேண்டும். பற்களுக்கு இடையிலான இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு துல்லியத்துக்கு வைக்க வேண்டிய வேலை அது, வாசலில் சுத்தியலோடு செய்வதல்ல. இரண்டு கடைகளில் விலை கேட்டிருக்கிறேன். இரண்டுமே டயர் ஐந்தின் விலையைவிட அதிகம்.