புல்மேட்டுப் பாதை மூடப்பட்ட நாளில் எங்கள் சபரிமலைப் பயணம்

2024 நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின் மழை, மலைத்தொடரைத் தாண்டி இடுக்கி வரைக்கும் வந்து எங்கள் வழியை மறிக்கும் என்று, கம்பத்தில் இருமுடி கட்டியபோது நாங்கள் யாரும் எண்ணவில்லை. குருசாமியோடு சேர்த்து ஏழு பேர். என் தம்பி மகன் முதல்முறை மலைக்கு வரும் கன்னிசாமி. வண்டிப்பெரியாறு அருகே உள்ள சத்திரம் என்ற இடத்திலிருந்து புல்மேடு வழியாகச் சன்னிதானம் வரையுள்ள ஏறத்தாழ 12 கிலோமீட்டர் காட்டுப் பாதையில் நடப்பதற்காகவே டிசம்பர் 2ஆம் தேதிக்கு முன்பதிவு செய்திருந்தோம். முந்தைய நாள் மாலை உதவி எண்ணில் விசாரித்தபோது, பாதை திறந்துதான் இருக்கிறது, தாராளமாக வாருங்கள் என்றே பதில் வந்தது.

குமுளி வரை ஒரு சிக்கலும் இல்லை. வண்டிப்பெரியாறில் ஜீப்புக்கு மாறினோம். நடந்து போகிறவர்கள் தரிசனம் முடிந்து பம்பையில்தான் இறங்குவார்கள் என்பதால், வழக்கம்போல் வேனைப் பம்பைக்கு முன்னுள்ள வண்டி நிறுத்துமிடமான நிலக்கல்லுக்கு அனுப்பிவிட்டோம். அன்று நாங்கள் செய்த பெரிய தவறு அதுதான். சத்திரத்தை அடைந்தபோது வாயிலின் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. கனமழையால் காட்டுப் பாதையில் யாரையும் விடக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டிருந்தது. பத்தடிக்கு அப்பால் நின்ற ஆளே தெரியாத மூடுபனியில், தலையில் இருமுடியுடன் நூறு பேருக்கு மேல் நனைந்துகொண்டிருந்தார்கள்.

புல்மேட்டுக்கென்று எடுத்த முன்பதிவு பம்பையில் செல்லுமா என்று அங்கிருந்த மேசையில் கேட்டேன். உட்கார்ந்திருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, அது தமக்குத் தெரியாது என்றார். நாற்பத்தோரு நாள் விரதமிருந்து வந்தவர்களுக்கு அந்த ஒரு சொல் எப்படி வலிக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தால், பம்பைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டாவது சொல்லியிருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் ஒருவர் எங்களை ஓரமாக அழைத்து, தேயிலைத் தோட்டத்தின் வழியே வேறு தடம் இருக்கிறது, கொண்டுபோய் விடுகிறேன் என்றார். எங்களில் இருவருக்கு மனம் சற்று அசைந்தது. குருசாமி, "வேண்டாம் சாமி, மூடிய காட்டுக்குள் ஐயனே கூப்பிட்டாலும் நான் உங்களைக் கூட்டிப் போகமாட்டேன்" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வாயில் வழியாகப் போகிறவர்களுக்குக் கணக்கு உண்டு. ஓடை பெருகிய இடத்திலோ யானை நிற்கும் இடத்திலோ கள்ளத் தடத்தில் போனவர் சிக்கிக்கொண்டால், அவரைக் காணோம் என்பதுகூட யாருக்கும் தெரியாது. 2011 ஜனவரி 14 மகரவிளக்கு இரவில் புல்மேட்டு நெரிசலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததை எங்கள் பக்கத்தில் இன்னும் யாரும் மறக்கவில்லை.

சத்திரத்தில் சிக்னல் இல்லை. வண்டிப்பெரியாறுக்கு இறங்கி வந்த பிறகுதான் வேன் ஓட்டுநரைப் பிடிக்க முடிந்தது. அதற்குள் அவர் முண்டக்கயத்தைத் தாண்டியிருந்தார். அவர் திரும்பி வரும்வரை, டீக்கடைத் திண்ணையில் இருமுடிகளை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் காத்திருந்தோம். ஆகவே, வாயிலில் உங்களை உள்ளே விட்ட பிறகு வேனை அனுப்புங்கள். பாதை நிலவரத்தை முந்தைய நாள் கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடாமல், அன்று காலையில் வண்டிப்பெரியாறு ஜீப் ஓட்டுநர்களிடம் மறுபடியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குட்டிக்கானம், முண்டக்கயம், எருமேலி வழியாக நிலக்கல் போய், அங்கிருந்து அரசுப் பேருந்தில் பம்பை சேர்வதற்குள் இருட்டிவிட்டது. ஆற்றில் இறங்க விடவில்லை. குழாயில் பிடித்த தண்ணீரைத்தான் கன்னிசாமியின் தலையில் ஊற்றினோம். சரிபார்க்கும் இடத்தில் சீட்டை நீட்டியபோது என் கை நடுங்கியது. அங்கிருந்த இளைஞர் ஆதார் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "சத்திரத்திலிருந்தா வருகிறீர்கள்? போங்கள் சாமி" என்று வழிவிட்டார்.

நீலிமலை ஏற்றம் முழுக்க மழைதான். சன்னிதானத்தில் இருமுடியைப் பிரித்தபோது, குருசாமி கம்பத்திலேயே பாலிதீன் உறையை இரண்டு சுற்றாகச் சுற்றி வைத்திருந்ததால், அரிசியில் ஒரு மணிகூட நனையவில்லை. நெய்த்தேங்காயின் மூடியும் வைத்தபடியே இருந்தது.