ஸ்லரி வந்தாச்சா?

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் மராமத்து நடக்கிறது என்று வையுங்கள். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஆத்தங்குடிக் கல், அதாவது அந்த ஊரில் கையால் செய்கிற சிமெண்ட் தரைக்கல், பதிக்கிறார்கள். எஞ்சினியர் தம்பி வெளியூர்க்காரர். "ஸ்லரி வந்தாச்சா?" என்று குரல் கொடுக்கிறார். முற்றத்திலிருந்து சித்தாள் பதில் சொல்கிறது: "அது சனிக்கிழமைதான் சார் குடுப்பாக."

அதன் காதில் விழுந்தது சேலரி. தப்பு சித்தாள் மேல் இல்லை. ஆங்கிலத்தில் ஸ்லரி ஒரு சாக்குப்பை. ஏதோ ஒரு தூள் தண்ணீரில் கரையாமல் கலந்து, ஊற்றினால் ஒழுகுகிற பதத்தில் இருந்தால் போதும், அந்தப் பெயர் வந்துவிடும். சிமெண்டும் அதுதான், சாணியும் அதுதான், சோளமாவும் அதுதான். இதற்குச் சொந்தக்காரச் சொல் ஸ்லர். முதலில் அதற்குத் தண்ணிச்சேறு என்று அர்த்தம். அங்கிருந்து பூசுவது, கறையாக்குவது என்று வழிந்து, ஒருத்தரை இழிவாகப் பேசுவதிலும் குடித்தவன் நாக்குக் குழறுவதிலும் போய் நின்றது. நாமும் குழம்பு என்ற ஒன்றை வைத்துக்கொண்டு சோற்றிலும் ஊற்றுகிறோம், எரிமலையிலும் கொதிக்க வைக்கிறோம், மனசையும் கலக்குகிறோம். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் நம் ஆட்களுக்கு வாளிக்கு ஒரு பெயர் வேண்டும்.

கொத்தனார் வாளியில் இருப்பது சிமெண்ட் பால். பரப்பிய கலவை மேல் இதை ஊற்றித்தான் கல்லை வைப்பார்கள். சதுர மீட்டருக்கு நாலு கிலோ சொச்சம் சிமெண்ட் பிடிக்கும். எடையில் அதற்குப் பாதி தண்ணீர். அரசாங்க விதிமுறைகளில் இதற்குத் தேன் பதம் என்று எழுதியிருக்கும். தளத்தில் யாரும் தேனை நினைப்பதில்லை, இட்லி மாவைத்தான் நினைக்கிறார்கள். தண்ணீர் கூடினால் சிமெண்ட் அடியில் தங்கி வெறும் கழுநீர் மேலே நிற்கும், கல் ஒட்டாது. மறுநாள் சுத்தியல் பிடியால் தட்டினால் 'தொம்' என்று காலிப்பானைச் சத்தம் கேட்கும். அரை மணிக்குள் தீருகிற அளவுதான் கரைக்க வேண்டும். இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் விட்டுக் கிளறுவது பழைய சோற்றை வடித்த சோறு என்று பரிமாறுவதுபோல. பார்க்கச் சரியாக இருக்கும், பிடிப்பு இருக்காது.

அதே வீட்டுக்கு வந்த கல்லும் ஒரு ஸ்லரியில்தான் பிறந்தது. ஆத்தங்குடியில் அதற்குக் கலர். கல் அங்கே குப்புறப் படுத்துத்தான் உருவாகிறது. சட்டத்துக்குள் ஒரு கண்ணாடி, அதன் மேல் பூ வடிவத்தில் வளைத்த உலோக அச்சு. சிமெண்டும் ஆக்சைடு பொடியும் கரைத்த கலரைக் கரண்டியால் மொண்டு ஒவ்வொரு அறையிலும் விடுவார்கள். சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று. அச்சை நேராக மேலே தூக்க வேண்டும். கை கொஞ்சம் சாய்ந்தாலோ கலர் தண்ணியாக இருந்தாலோ சிவப்பு மஞ்சள் வீட்டுக்குள் புகுந்துவிடும், பிறகு பிரிக்க முடியாது. கலர் மேல் உடனே காய்ந்த சிமெண்ட் மணலைத் தூவுவார்கள். அது ஈரத்தை உறிஞ்சி, கலரை நகராமல் நிறுத்தும். அதற்கும் மேலே ஈரக் கலவையை வைத்து மட்டம் அடிப்பார்கள். மறுநாள் கண்ணாடியை எடுத்தால் அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் வந்திருக்கும். சூளை கிடையாது, சுடுவது கிடையாது. பிறகு தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறல்.

இங்கேதான் முதல் வாளி இரண்டாவது வாளியைக் கெடுக்கும். பதிக்கும்போது வழிந்த சிமெண்ட் பாலை ஈரத்துணியால் அப்போதே துடைக்காவிட்டால் பூவின் மேல் சாம்பல் படலம் உட்கார்ந்துவிடும். யாராவது ஒருவர் ஆசிட் பாட்டிலோடு ஓடி வருவார். தடுத்து நிறுத்துங்கள். கல்லும் சிமெண்ட், கறையும் சிமெண்ட். எது எது என்று ஆசிடுக்குத் தெரியாது, பூவையும் சேர்த்துத் தின்னும்.

கொல்லைப்புறம் சாண எரிவாயு இருந்தால் மூன்றாவது வாளி. உள்ளே போவது கரைசல், வெளியே வருவது எரு. நாளுக்கு ஒரு கன மீட்டர் வாயு தருகிற கலனுக்குத் தினமும் 25 கிலோ சாணி, அதே அளவு தண்ணீர். வைக்கோல் சேர்ந்தால் மேலே ஆடை கட்டி வாயு வராது. தொழுவம் கழுவிய பினாயில் தண்ணியைக் கொட்டினால் உள்ளே வேலை பார்க்கிற நுண்ணுயிர் செத்துப்போகும், அடுப்பும் அணைந்துபோகும்.

அடுப்படியில் ஸ்லரி என்ற பேச்சே எடுபடாது. ஆச்சியிடம் இருப்பது வெள்ளைப் பணியார மாவு. ஓர் உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேல் நிற்கிற மட்டும் உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் அதுதான் கணக்கு. இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். வெண்ணெய்போல் அரைத்து, உப்பும் கொஞ்சம் பாலும் விட்டு, புளிக்க விடாமல் கரண்டியால் எண்ணெயில் ஊற்ற வேண்டும். மாவு நீர்த்தால் தட்டையாகி எண்ணெய் குடிக்கும், கெட்டியானால் நடு வேகாது. நடுவீட்டுக் கோலத்துக்கு அரைப்பது இன்னும் நைசான மாவு. துணியை அதில் நனைத்து மோதிர விரல் வழியே இழை விடணும், திப்பி இருந்தால் கோடு அறுந்துபோகும்.

எஞ்சினியர் தம்பிக்கு இவ்வளவும் புரிந்துவிட்டது. மத்தியானத்துக்கு மேல் ஸ்லரியை விட்டுவிட்டு, ஊர்க்காரர் மாதிரியே கூப்பிட்டார்: "அண்ணே, பால் எங்கே?"

கொத்தனார் வாளியைத் தூக்குவதற்குள் அடுப்படியிலிருந்து ஆச்சி குரல் வந்தது: "இந்தா காயுது தம்பி. சீனி போடவா, வேணாமா?"