கையைப் பிடுங்கும் ஸ்டார்ட்டர் கயிறு: 163 சிசி பவர் வீடர் இன்ஜினில் செய்து பார்த்தது

வேலைக்கு எடுத்த இன்ஜின் ஹோண்டா ஜிஎக்ஸ்160 அமைப்பைப் பின்பற்றி வந்த, வேறு பெயருள்ள 163 சிசி நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின். தோட்டத்தில் களை ஓட்டும் பவர் வீடரில் பூட்டியது. கயிற்றை இழுத்தால் பாதியில் ‘டக்’கென்று எதிர்ப்பக்கம் அடித்துக் கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. கணக்கு வைத்துப் பார்த்ததில் 12 ஸ்டார்ட்டில் 5 முறை இப்படி உதறியது. இழுப்பவரின் கைப்பலத்தைக் குறை சொல்லித்தான் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். பலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. நெருப்பு முந்துகிறதா, பிஸ்டன் முந்துகிறதா என்பதுதான் விஷயம்.

இந்த வகை இன்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 25 டிகிரி முன்னாலேயே பிளக்கில் பொறி விழுகிறது. வேகம் எதுவானாலும் அதே 25 டிகிரிதான். 3600 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3600 சுற்று) ஓடும்போது அந்த 25 டிகிரியைக் கடக்க 1.2 மில்லிசெகண்டுகூட ஆகாது. கலவை முழுதாக எரிந்து அழுத்தம் உச்சத்துக்கு வருவதற்குள் பிஸ்டன் மேலே போய்த் திரும்பிவிடும். நல்ல இழுப்பில் 600 ஆர்பிஎம் என்று வைத்தால் அதே தூரத்துக்கு சுமார் 7 மில்லிசெகண்டு. அரைமனதாக இழுத்து 200 ஆர்பிஎம் வந்தால் 21 மில்லிசெகண்டு. அவ்வளவு நேரத்தில் பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் முழுதாக எழுந்துவிடும். ஃப்ளைவீலில் (தண்டின் முனையில் உள்ள கனமான சக்கரம்) சேர்ந்திருக்கும் வேகம் அதைத் தாண்டிப் போகப் போதாவிட்டால் பிஸ்டனோடு இணைந்த கிராங்க் தண்டு பின்னால் திரும்பும், கயிற்றைச் சுருட்டும் ரீகாயிலின் கொக்கி இன்னும் ஃப்ளைவீலோடு சுற்றும் ஸ்டார்ட்டர் கப்பைப் பிடித்திருப்பதால் கயிறும் கூடவே உள்ளே ஓடும்.

அப்படியானால் தேட வேண்டியது மூன்றே இடம்: பொறி இன்னும் முந்தி விழுகிறதா, இழுப்பின் வேகத்தை ஏதாவது தின்கிறதா, இழுக்கும் முறையில் வேகம் சேர வழி இருக்கிறதா.

முதல் நாள்: பிளக், ஆயில், கயிறு

கை வைக்கும் முன்னால் ஸ்விட்ச் ஆஃப், பிளக் கேப்பைக் கழற்றி சிலிண்டரிலிருந்து தள்ளி வைப்பது. இது இல்லாமல் ஃப்ளைவீலைத் தொடவே கூடாது. பொறியை வெளியே சோதிக்க வேண்டியிருந்தால் மட்டும் பிளக்கின் உடலை இன்ஜின் இரும்போடு தொட வைத்து, பெட்ரோல் ஈரமோ ஆவியோ பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டும்.

பிளக் பிபிஆர்6இஎஸ். இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. இருக்க வேண்டும், இதில் 0.9 இருந்தது. தட்டிச் சரிசெய்தாயிற்று. முனையில் கருப்புக் கரி, ஆனால் ஈரம் இல்லை. ஆயில் அளவு இந்த இன்ஜினுக்கு சுமார் 0.6 லிட்டர், 10டபிள்யூ-30. ஆயில் மூடியைத் துடைத்து, திருகாமல் சும்மா நுழைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும்; திருகி எடுத்துப் பார்த்தால் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். இன்ஜின் சமதளத்தில் நிற்க வேண்டும். வரப்பில் சாய்த்து நிறுத்திப் பார்த்த அளவுக்கு மதிப்பில்லை. ஆயிலில் பெட்ரோல் வாசனை வந்தால் கார்புரேட்டர் ஊசி கசிகிறது என்று அர்த்தம். இதில் இல்லை.

கயிறு 4 மி.மீ. நைலான், கைப்பிடி முடிச்சுக்கு ஒரு சாண் கீழே நூல் பிரிந்திருந்தது. அதே தடிமனில் புதுக்கயிறு, பழையதன் நீளத்துக்கே வெட்டி, இரு முனைகளையும் நெருப்பில் உருக்கிக் கோத்தது. முனையை உருக்காவிட்டால் முடிச்சு நழுவும். சுருளை ஏற்றும்போது ஒரு விஷயம்: கயிறு முழுதாக வெளியே வந்த நிலையில் கப்பி இன்னும் அரைச் சுற்றாவது சுற்ற இடம் மீதி இருக்க வேண்டும். அதுவும் இல்லாமல் இறுக்கினால் முழு நீளம் இழுக்கும்போதெல்லாம் ஸ்பிரிங்தான் அடி வாங்கும். ரீகாயிலைப் பிரிக்கும்போது ஸ்பிரிங் குதித்து முகத்தில் அடிக்கும், கண்ணாடி கட்டாயம்.

இரண்டாம் நாள்: சாவி

உதறலுக்கு மூலம் இங்கேதான் கிடைத்தது. ரீகாயில், தகர மூடி, ஸ்டார்ட்டர் கப் எல்லாம் எடுத்து 19 நம்பர் நட்டைக் கழற்றியதும் ஃப்ளைவீலின் காடியும் தண்டின் காடியும் ஒரே நேர்கோட்டில் இல்லை. இரண்டு காடியிலும் சேர்ந்து உட்காரும் சின்ன உலோகத் துண்டுதான் சாவி; அது பாதி வெட்டுப்பட்டு, ஏறத்தாழ 1 மி.மீ. விலகி நின்றது.

1 மி.மீ. சின்ன விஷயமாகத் தோன்றும். தண்டின் விட்டம் அந்த இடத்தில் 20 மி.மீ. என்று வைத்தால் சுற்றளவு 62.8 மி.மீ.; 1 மி.மீ. என்பது 5.7 டிகிரி. 25 டிகிரியில் விழ வேண்டிய பொறி 30 டிகிரிக்கு மேல் விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

விலகும் திசையும் முக்கியம். வீடரின் பல் கல்லிலோ வேரிலோ மாட்டி இன்ஜின் சட்டென்று நின்றால், தண்டு நிற்கும், கனமான ஃப்ளைவீல் சுற்றும் திசையிலேயே கொஞ்சம் முன்னால் போகும். ஃப்ளைவீலில் உள்ள காந்தம், பொறிக்கு மின்சாரம் தரும் காயிலுக்கு முன்கூட்டியே வந்து சேரும், பொறி முந்தும், கயிறு உதறும். எதிர்த்திசையில் விலகியிருந்தால் பொறி தாமதிக்கும். அப்போது உதறாது, ஸ்டார்ட் ஆகவே அடம்பிடிக்கும், சைலன்சர் அளவுக்கு மீறிச் சூடாகும். ஆகவே, கல்லில் மோதி நின்ற பிறகு உதற ஆரம்பித்த இன்ஜினில் வேறு எதையும் பார்க்கும் முன்னால் சாவியைப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பலர் செய்யும் தவறு, சாவிதான் ஃப்ளைவீலைப் பிடித்துச் சுற்றுகிறது என்று நினைப்பது. சாவி இடத்தைக் காட்டும், அவ்வளவுதான். பிடிப்பது கூம்புத் தண்டின் உராய்வு. அதனால் தண்டையும் ஃப்ளைவீல் துளையையும் பெட்ரோல் துணியால் துடைத்து, சொட்டு ஆயிலோ கிரீஸோ இல்லாமல் காய வைத்துத்தான் ஏற்ற வேண்டும். நட்டின் முறுக்கு 75 நியூட்டன் மீட்டர். டார்க் ரென்ச் இல்லாதவர்கள் 30 செ.மீ. கைப்பிடியின் முனையில் 25 கிலோ பாரம் தொங்குவதுபோல அழுத்தினால் ஏறக்குறைய அங்கே வரும். நட்டு தளர்ந்திருந்தால் புதுச் சாவியும் ஒரே வாரத்தில் வெட்டுப்படும். வேறு உறுதியான இரும்பை ராவிச் சாவியாகப் போடுவது மோசமான யோசனை: அடுத்த மோதலில் சாவி தப்பும், தண்டின் காடி கிழியும். சாவி சில ரூபாய்ச் சாமான், தண்டு அப்படியல்ல.

ஃப்ளைவீலைக் கழற்ற புல்லர் பயன்படுத்தினோம். காற்றுச் சிறகுகளுக்கு நடுவே ஸ்க்ரூட்ரைவரை முட்டுக் கொடுத்தால் சிறகு உடையும். ஒரு சிறகு போனாலே அதிர்வு கூடும்.

காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே 0.4 மி.மீ. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து, காந்தம் காயிலை இழுத்துப் பிடிக்கவிட்டு, போல்ட்டை இறுக்கி, கேஜை உருவியது. காந்தத்தின் முகத்தில் இருந்த துருவை நைஸ் எமரித்தாளால் தேய்த்தாயிற்று.

இத்தனையும் பூட்டிய பிறகு 12 ஸ்டார்ட்டில் 1 முறைதான் உதறியது. ஆனால் இழுப்பு இன்னும் கனமாகவே இருந்தது.

மூன்றாம் நாள்: டாப்பட்டும் டீகம்ப்ரஷனும்

கயிறு இழுக்கும் இன்ஜின்களில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டிலேயே ஒரு சின்ன எடை உண்டு. மெதுவான வேகத்தில் அது எக்ஸாஸ்ட் வால்வை ஒரு மயிரிழை தூக்கிப் பிடித்து, அமுக்கத்தில் கொஞ்சத்தை வெளியே விடும். வேகம் வந்ததும் எடை விரிந்து விலகிக்கொள்ளும். ஆயில் இன்ஜினுக்கு ஹேண்டில் போட்டவர்கள் கையால் தூக்குகிற டீகம்ப்ரஷன் லிவர் செய்யும் வேலையேதான், இங்கே தானாக நடக்கிறது.

அந்தத் தூக்கல் மிகச் சிறியது. டாப்பட் இடைவெளி (வால்வின் நுனிக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ளது) அதிகமானால் அதை இடைவெளியே விழுங்கிவிடும், வால்வு திறக்காது, முழு அமுக்கமும் கையில் விழும், இழுப்பின் வேகம் குறையும், மறுபடி உதறல். குளிர்ந்த இன்ஜினில் இன்டேக் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ. இருக்க வேண்டும். இதில் இன்டேக் 0.18, எக்ஸாஸ்ட் 0.35.

சரிசெய்யும்போது பிஸ்டன் அமுக்க ஸ்ட்ரோக்கின் சரியான உச்சியில் நிற்க வேண்டும். சற்று முன்னால் நின்றுவிட்டால் டீகம்ப்ரஷன் நுனி எக்ஸாஸ்ட் வால்வைத் தொட்டுக்கொண்டே இருக்கும், வைக்கிற அளவு பொய்யாகும். ராக்கர் இரண்டும் விரலில் லேசாக ஆட வேண்டும். லாக் நட்டை இறுக்கிய பிறகு மீண்டும் ஒருமுறை கேஜ் நுழைத்துப் பார்த்தே ஆக வேண்டும். இறுக்கும்போது பெரும்பாலும் 0.03 வரை நகர்ந்துவிடுகிறது. பிறகு மூடி போடும் முன்னால் பிளக்கைக் கழற்றி, ஃப்ளைவீலை ஓடும் திசையில் மெதுவாகக் கையால் சுற்றினோம். பிஸ்டன் ஏறும்போது எக்ஸாஸ்ட் ராக்கர் ஒரு சிறு தூக்கல் காட்டி இறங்கியது. அந்தத் தூக்கல் தெரியாவிட்டால் கேம் பக்கத்தில் எடையோ அதன் ஸ்பிரிங்கோ போயிருக்கும்.

இதற்குப் பிறகு 20 ஸ்டார்ட், ஒரு உதறலும் இல்லை.

இழுக்கும் முறை

இன்ஜின் சரியாக இருந்தாலும் முறை தவறினால் கை தப்பாது. வீடரை வெளியே, சமதளத்தில், கியர் நியூட்ரலில், கிளட்ச் விடுபட்ட நிலையில் வைக்க வேண்டும். பெல்ட்டோடு சேர்த்து இழுத்தால் வேகம் வராது. மூடிய கொட்டகைக்குள் ஓட்டவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பெட்ரோல் காக் திறப்பு, குளிர் இன்ஜினுக்கு சோக் மூடல், ஆக்சிலரேட்டர் மூன்றில் ஒரு பங்கு, ஸ்விட்ச் ஆன்.

முதலில் கயிற்றை மெல்ல இழுத்து, கனமாகத் தடுக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் அமுக்க ஸ்ட்ரோக். அதைக் கொஞ்சம் தாண்டியதும் கயிற்றை முழுதாக உள்ளே விட்டு, அடுத்ததாக ஒரே மூச்சில் வேகமாக, நேராக இழுக்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக்கில் அமுக்கம் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வரும். தாண்டிய இடத்திலிருந்து கிளம்பினால் ஃப்ளைவீலுக்கு ஏறக்குறைய இரண்டு சுற்று ஓட்டம் கிடைக்கும். இந்த ஓட்டத்தை விட்டுவிட்டு தடுக்கும் இடத்திலிருந்தே வெடுக்கென்று இழுப்பதும், பாதியில் தயங்குவதும்தான் உதறலை வரவழைப்பவை.

கைப்பிடியை நான்கு விரலால் கொக்கிபோல் மட்டும் பிடிக்க வேண்டும், கட்டைவிரலும் அதே பக்கம். சுற்றி இறுக்கினால் உதறும்போது கை விடுபடாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது எல்லாவற்றிலும் ஆபத்து. கைமணிக்கட்டின் கட்டைவிரல் பக்க எலும்பு உடைவதற்கு மருத்துவத்தில் ‘சோஃபர் ஃப்ராக்சர்’ என்றே ஒரு பெயர் உண்டு. கைப்பிடி சுற்றிக் காரை ஸ்டார்ட் செய்த காலத்து ஓட்டுநர்களுக்கு இன்ஜின் திருப்பி அடித்து ஏற்பட்ட முறிவு அது. கேடிலாக் கார்களில் 1912இல் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்ததற்கு அந்தக் கைப்பிடியின் ஆபத்தும் ஒரு காரணம்.

இழுக்கும்போது தோளும் முழங்கையும் தளர்ந்து, மற்ற கை வீடரின் கைப்பிடிச் சட்டத்தில். முகம் கயிற்றுக்கு நேர் மேலே வரக் கூடாது. இன்ஜின் பிடித்ததும் கைப்பிடியைத் தூக்கிப்போடாமல் கூடவே கொண்டுபோய் விட வேண்டும். சோக்கைப் படிப்படியாகத் திறக்கலாம்.

நான்கு ஐந்து இழுப்பில் பிடிக்காவிட்டால் நிறுத்திப் பிளக்கைப் பார்ப்பது நல்லது. ஈரமாக இருந்தால் கலவை மிதமிஞ்சியிருக்கிறது: ஸ்விட்ச் ஆஃப், பிளக்கைத் துடைத்துப் பூட்டி, சோக் திறந்து, ஆக்சிலரேட்டர் முழுதும் கொடுத்து ஐந்தாறு முறை இழுத்தால் உள்ளே உள்ளது வெளியேறும். கயிறு கல்லாக நின்றால் பலம் போட வேண்டாம். சிலிண்டரில் பெட்ரோலோ ஆயிலோ தேங்கியிருக்கலாம். பிளக்கைக் கழற்றி, துளைக்கு நேரே முகமோ நெருப்போ இல்லாமல், மெல்லச் சுற்றினால் தெரிந்துவிடும்.

மீதி இருக்கிற வேலை: 10 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஃப்ளைவீல் நட்டையும் டாப்பட்டையும் மறுபடி பார்க்க வேண்டும். இதுவரை 6 மணி நேரம் ஆகியிருக்கிறது. சூடான இன்ஜினில் சோக் இல்லாமல் இரண்டாவது இழுப்பில் பிடிக்கிறது.