கோரிமேட்டுக்குப் போனது என் பல்லுக்காகத்தான்

போன சித்திரையில் கீழ்க் கடைவாய்ப்பல் வலி. படுத்தால் இன்னும் கூடும். மெடிக்கலில் மாத்திரை வாங்கி ஓட்டினேன். ஒருநாள் வலி தானாக நின்றுவிட்டது, ஆறிவிட்டது என்று நம்பினேன். இரண்டு மாதம் கழித்துத் தாடை வீங்கியது.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பஸ் ஏறி, புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். பள்ளி லீவு என்பதால் ஏழு வயது மகளும், துணைக்கு அம்மாவும் கூட வந்தார்கள். எக்ஸ்ரேயில் வேர் நுனியில் சீழ் தெரிந்தது. வலி நின்றது பல் ஆறியதால் இல்லை, உள்ளே நரம்பு செத்துப் போனதால். மூன்று தடவை போய், செத்த நரம்பை எடுத்து வேரை அடைக்கிற ரூட் கெனால் முடித்து, பல்லுக்கு மேலே கேப் போட்டாயிற்று. என் கதை அவ்வளவுதான்.

என்னை உலுக்கியது மகளுடைய பல். வந்த கையோடு அவளையும் காட்டினேன். கடைசிப் பல்லில் கறுப்புப் புள்ளி. "பால் பல்லுதானே, விழுந்து மொளைக்கும்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னதால் விட்டிருந்தேன். டாக்டர் பொண்ணு, "அக்கா, இது பால் பல் இல்ல. ஆறு வயசுல எந்தப் பல்லும் விழாம, பின்னாடி புதுசா மொளைக்கிறது. ஆயுசுக்கும் இதுதான்" என்றாள். எனக்குத் தெரியவே தெரியாது. நல்லவேளை, சொத்தை மேலாகத்தான் இருந்தது. அதை அடைத்து, மற்ற மூன்று கடைவாய்ப்பற்களின் பள்ளங்களையும் சீலன்ட் வைத்து மூடினார்கள். ஏழு வயதுப் பிள்ளை இருப்பவர்கள் இன்றைக்கே டார்ச் அடித்து, பின்னால் பாருங்கள்.

அம்மா எதுவுமே கேட்கவில்லை. "இருக்கிற வரைக்கும் இதுங்க போதும்" என்றபடி உட்கார்ந்திருந்தாள். வற்புறுத்திக் காட்டியதில், கீழ் முன்பற்கள் நான்கும் ஆட்டம், ஈறெல்லாம் சீழ். ஒரு வருஷமாகக் கரைத்த சோறு மட்டும் சாப்பிட்டதை வயசு என்றே நினைத்திருந்தோம். அவளுக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது என்று விளக்கினார்கள். முதலில் சர்க்கரையைக் குறைத்து, ஈறைச் சுத்தம் செய்து, பிறகுதான் பல்லை எடுத்தார்கள். புண் ஆறக் காத்திருந்தோம்.

வருகிற வாரம் பல்செட்டுக்கு அளவு எடுக்கிறார்கள். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்மா கேட்பதெல்லாம், கொய்யாப்பழம் கடிக்க முடியுமா என்பதுதான்.