உப்புப் பூத்த படம்

உயர்தரத்தில் சித்திரம் எடுத்த திருகோணமலைப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே படத்தைத்தான் கீறுவோம். சுவாமிமலை உச்சியில் கோணேசர் கோயில், கீழே கடல், நாலு நுரைக்கோடு. நானும் இருபது முப்பது கீறியிருப்பேன். ஒருநாள் பிரெட்ரிக் கோட்டைக்குள் இருந்து கீறும்போது புள்ளிமான் ஒன்று வந்து தாளின் மூலையைச் சப்பிவிட்டுப் போனது. அந்தக் கடிபட்ட தாள் மட்டும்தான் இப்போது மிச்சம்.

பட்டப்படிப்பின் முதல் வருடத்தில் இந்தப் படங்களைப் பார்த்த விரிவுரையாளர், "வடிவாத்தான் இருக்கு. ஆனா இதில கடல் எங்க?" என்று கேட்டார். முக்கால்வாசித் தாளுக்கு நீலம் பூசி வைத்திருக்கிறேன், கடல் எங்கே என்கிறாரே என்று எனக்கு அழுகையும் கோபமும். இரண்டு மாதம் தூரிகையே தொடவில்லை.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால், சின்ன மாமா முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். அவர் வெட்டி எறிந்த துண்டுகளைப் பொறுக்கினேன். பிக்காசோ 1912இல் ஒரு படத்தில் பிரம்பு நெசவு அச்சடித்த மெழுகுசீலையை ஒட்டி, சுற்றிவரக் கயிற்றையே சட்டமாகப் போட்டிருந்தார் என்று படித்திருந்தேன். கயிற்றுக்கு எங்கள் வீட்டில் என்ன பஞ்சம்!

ஹார்ட்போட் பலகையில் வெள்ளைக் கம்மோடு டச்சுக்குடா மணலைக் குழைத்துப் பூசி, மேலே அக்ரிலிக் அடித்தேன். வலையையும் ஒட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, இரண்டு கிழமைக்கு. பிறகு பெயின்டின் மேல் மாப்போல வெள்ளை பூத்தது. தொட்ட இடமெல்லாம் செதில் செதிலாகக் கழன்றது. மணலைக் கழுவவில்லை. உள்ளே இருந்த உப்பு ஈரத்தை இழுத்து, காயும்போது பளிங்காகி, பெயின்டைக் கீழிருந்து தள்ளிவிட்டது. அதன் பிறகு ஐந்தாறு தண்ணீர் மாற்றி, நாக்கில் வைத்துப் பார்த்து, கரிப்பு இல்லையென்றால்தான் வெயிலில் காயப்போடுவேன். அம்மா இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது வேறு கதை.

நைலோன் வலை கம்முக்கு மசியவே இல்லை. ஒரு இழுவையில் முழுதாகக் கையோடு வந்தது. கடைசியில் பலகையில் துளை போட்டுத் தங்கூசி நரம்பால் தைத்தேன். பலகை வளைந்ததற்குப் பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டினால் போதும் என்று தெரிய மூன்று பலகை வீணானது. இடையிடையே ஒட்டிய பத்திரிகைத் துண்டுகள் மஞ்சளாவதை மட்டும் தடுக்கப் போகவில்லை, மஞ்சள் எனக்குப் பிடித்திருந்தது.

என்னோடு படித்த புல்மோட்டைப் பிள்ளை ஒரு சோடாப் போத்தல் நிறையக் கருமணல் கொண்டுவந்து தந்தாள். கை வைத்தால் சாதாரண மணலைவிடக் கனம். அதில் இருப்பது இல்மனைட் என்ற டைட்டானியக் கனிமம். நாம் டியூப்பில் வாங்கும் டைட்டானியம் வெள்ளை இந்தக் கறுப்பிலிருந்துதான் செய்யப்படுகிறது! இங்கிருந்து மணலாகக் கப்பலேறுவதை வெள்ளைப் பெயின்டாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். அன்று முழுக்க எனக்கு வேறு யோசனையே இல்லை. ஒரு பலகையின் பாதிக்குக் கருமணல், பாதிக்கு டியூப் வெள்ளை, நடுவில் தைத்த வலை. நீலம் ஒரு சொட்டும் இல்லை. இறுதி வருட ஒப்படைக்கு அதைத்தான் முதலில் வைத்தேன்.

இன்னொரு பலகையின் வலது மூலையில் வேண்டுமென்றே கழுவாத மணலைப் பூசினேன். கச்சான் காற்றடிக்கும் காலத்தில் அந்த மூலை வெள்ளையாகப் பூக்கும். மாரி தொடங்கினால் ஈரம் பிடித்துக் கறுத்துவிடும். பெயின்ட் உதிரத்தான் செய்கிறது, உதிரட்டும். பழைய விரிவுரையாளர் அந்த மூலையில் விரலைத் தேய்த்து, மணந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த படத்துக்குப் போனார்.

காட்சிக்குச் சின்ன மாமாவும் வந்திருந்தார். மற்றப் படங்களைச் சும்மா பார்த்தார். வலை தைத்த பலகைக்கு முன்னால் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"பிள்ளை, இந்த முடிச்சு பிழை. இழுபடேக்க வழுக்கும்."

தொடக்கூடாது என்று எழுதியிருந்த மட்டைக்குப் பக்கத்தில் நின்றே அதை அவிழ்த்து, திருப்பிப் போட்டார்.