ஆச்சி தாண்டிப் போன மூணு அதிகாரம்

எங்க வீட்டுல ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி குடும்ப ஜெபம். ஆச்சிதான் வேதம் வாசிப்பாங்க, ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம், ஆதியாகமத்துல ஆரம்பிச்சு வரிசையா. லேவியராகமத்துல வர்ற குஷ்டரோகச் சட்டம், எண்ணாகமத்துல வர்ற தலைக்கட்டு கணக்கு, எதையும் விட மாட்டாங்க, நாங்க தூங்கி விழுந்தாலும் சரி. ஆனா நியாயாதிபதிகள் 18 முடிஞ்ச மறுநாள் நேரா ரூத் 1. நான் அப்போ ஏழாப்பு. "ஆச்சி, மூணு அதிகாரத்த விட்டுட்டீங்க"ன்னேன். "ஏட்டி, அது பிள்ளைங்களுக்கு இல்ல, பேசாம இரு"ன்னாங்க. அப்புறம் என்ன, அன்னைக்கு ராத்திரியே போர்வைக்குள்ள டார்ச் அடிச்சு வாசிச்சாச்சு. பாதி புரியல. புரிஞ்ச பாதி ரெண்டு நாள் தூக்கத்தக் கெடுத்துச்சு.

போன வாரம் அந்த மூணையும் மறுபடி ஒரே மூச்சுல வாசிச்சேன். இஸ்ரவேல் கோத்திரங்கள் எல்லாம் சேந்துக்கிட்டு பென்யமீன் கோத்திரத்த அடிச்சு நொறுக்குன கதை. சின்ன வயசுல ரத்தம்தான் கண்ணுக்குப் பட்டுச்சு, இப்போ வேற ஒண்ணு பட்டுது, அத எழுதி வைக்கலாம்னுதான் இது.

தெரியாதவங்களுக்காக கதைய சொல்லிடுறேன். எப்பிராயீம் மலைநாட்டு லேவியன் (ஆலய ஊழியம் பாக்குற லேவி கோத்திரத்தான்) ஒருத்தன், அவனுக்கு யூதாவுல உள்ள பெத்லெகேம்ல இருந்து வந்த மறுமனையாட்டி ஒருத்தி, அதாவது முழு மனைவிங்கிற அந்தஸ்து இல்லாத துணைவி. அவ இவன விட்டுட்டு அப்பா வீட்டுக்குப் போயிடுறா, நாலு மாசம் ஆகுது. இவன் ஒரு வேலைக்காரனையும் ரெண்டு கழுதையையும் கூட்டிக்கிட்டு, அவகிட்ட நல்லபடியா பேசி சமாதானப்படுத்திக் கூட்டிட்டு வரலாம்னு கிளம்புறான். போன இடத்துல மாமனார் இவன விடவே மாட்டேங்கிறார். மூணு நாள் விருந்து. நாலாம் நாள் கிளம்பினா "ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க". அஞ்சாம் நாளும் அதே கதை, சாப்ட்டு முடிச்சு கிளம்பும்போது பொழுது சாஞ்சாச்சு. இவ்ளோ விருந்துலயும் அந்தப் பொண்ணு ஒரு வார்த்த பேசினதா எழுதல. சமாதானம் பேசப் போனவன் அவகிட்ட என்ன பேசினான்னும் எழுதல. ஆம்பளைங்க ரெண்டு பேரும் தின்னாங்க, குடிச்சாங்க, அவ்ளோதான்.

வழியில எபூஸ் வருது, அதான் பின்னாடி எருசலேம் ஆன ஊரு. வேலைக்காரன் இங்கயே தங்கிடலாம்ங்கிறான். லேவியன் கேக்கல, அந்நிய ஊரு வேண்டாம், நம்ம ஜனங்க இருக்குற கிபியாவுக்குப் போயிடுவோம்ங்கிறான். கிபியா பென்யமீன் ஊரு. அங்க போய் வீதியில உக்காந்தா சொந்த ஜனத்துல ஒருத்தன் கூட வீட்டுக்குள்ள கூப்பிடல. கடைசியில வயல் வேலை முடிச்சு வந்த ஒரு கிழவர்தான் கூட்டிட்டுப் போறார், அவரும் எப்பிராயீம்ல இருந்து வந்து குடியிருக்குறவர், அதாவது உள்ளூர்க்காரரே இல்ல. ராத்திரி ஊர்ப் பொறுக்கிங்க வந்து வீட்ட வளைச்சுக்கிட்டு அந்த ஆம்பளைய வெளிய அனுப்புன்னு கதவத் தட்டுறாங்க. கிழவர் என்ன பண்றார் தெரியுமா, விருந்தாளிய காப்பாத்த தன் கன்னிப் பொண்ணையும் அந்த மறுமனையாட்டியையும் தாரேன்ங்கிறார். அவனுங்க கேக்கல. அப்போ லேவியன் அவள பிடிச்சு வெளிய தள்ளி விடுறான். விடிய விடிய நடந்தத நான் எழுதல. விடியக்காலம் அவ வந்து வீட்டு வாசல்ல விழுந்து கிடக்கா, கை ரெண்டும் வாசப்படி மேல. இவன் காலைல பயணம் போக கதவத் திறக்குறான். திறந்து சொல்றது, "எழுந்திரு, போவோம்". இந்த மொத்தக் கதையிலயும் அவகிட்ட அவன் பேசினதா எழுதியிருக்குறது இது ஒண்ணுதான்.

பதில் இல்ல. கழுதை மேல தூக்கிப் போட்டு வீட்டுக்குக் கொண்டு போய், கத்திய எடுத்து பன்னிரண்டு துண்டாக்கி, தேசம் முழுக்க அனுப்புறான். (எபிரெய மூலத்துல அவ வாசல்லயே செத்துட்டான்னு சொல்லல, பழைய கிரேக்க மொழிபெயர்ப்புலதான் செத்திருந்தான்னு ஒரு சொல் சேந்து வருது. அந்த ஒரு சொல்லு இல்லாம வாசிச்சுப் பாருங்க, கை நடுங்கும்.)

இப்போ மிஸ்பா, கோத்திரங்க எல்லாம் கூடுன ஊரு. தாண் முதல் பெயெர்செபா வரைக்கும், யோர்தானுக்கு அந்தப் பக்கம் கீலேயாத்ல இருந்தும் கூட, 4,00,000 பேர் வாளோட வந்து நிக்கிறாங்க. நியாயாதிபதிகள் புத்தகம் முழுக்க எந்த எதிரி வந்தாலும் இந்தக் கோத்திரங்க ஒண்ணா சேராது, தெபொராள்ங்கிற தலைவி காலத்துல பாதிப் பேரு வரவே இல்ல, அடுத்து வந்த தலைவர் கிதியோன்கிட்ட எங்கள ஏன் கூப்பிடலன்னு எப்பிராயீம் சண்டைக்கு வருது, யெப்தாங்கிற தலைவர் காலத்துல அதே சண்டை முத்திப் போய் யோர்தான் துறையில "ஷிபோலேத்" சொல்லு பாப்போம்னு நாக்க சோதிச்சு, தப்பா சொன்ன எப்பிராயீம்காரங்கள வெட்டுனாங்க, அதுல மட்டும் 42,000 பேர். அப்பேர்ப்பட்ட கூட்டம் முதல் தடவையா ஒரே ஆளப் போல எழும்புது. சொந்தத் தம்பிய அடிக்க.

என்ன நடந்துச்சுன்னு கேக்குறாங்க, லேவியன் சாட்சி சொல்றான். இந்த இடத்துலதான் நான் புக்க கீழ வச்சுட்டு 19ஆம் அதிகாரத்துக்கும் 20க்குமா மாத்தி மாத்தி புரட்டுனேன். வீட்ட வளைச்சது ஊர்ல இருந்த பொல்லாத கும்பல், இவன் வாயில அது "கிபியா பட்டணத்தார்" ஆயிடுது. அவனுங்க கேட்டது வேற, இவன் சொல்றது "என்னைக் கொல்லப் பாத்தாங்க". அவள பாழாக்கினாங்க, செத்துட்டா, அதெல்லாம் சொல்றான். அவள வெளிய தள்ளினது யாரு? அந்த வரி மட்டும் காணோம். பொய்யுன்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா வேண்டியத மட்டும் வெட்டி ஒட்டுன வீடியோ மாதிரி.

கேட்டவங்க யாரும் குறுக்குக் கேள்வி ஒண்ணு கேக்கல. நீ அப்போ எங்கடா இருந்த? கதவ திறந்தது யாரு? ஒரு சாட்சி மட்டும் போதாது, ரெண்டு மூணு பேர் வாயால உறுதியாகணும், நியாயாதிபதிகள் நல்லா விசாரிக்கணும்னு உபாகமம் 19லயே இருக்கு. கூட வந்த வேலைக்காரன் இருக்கான், அந்தக் கிழவர் இருக்கார், ரெண்டு பேருமே அந்த வீட்டுக்குள்ள இருந்தவங்க, யாரையும் கூப்பிடல. துண்டு துண்டா உடம்பு வந்து சேந்தாச்சு, ரத்தம் கொதிச்சாச்சு, இனிமே விசாரணை பண்றவனே துரோகி மாதிரி தெரியுவான். அந்தக் கூட்டத்துல நான் நின்னிருந்தாலும் கத்தியிருப்பேனே ஒழிய கேள்வி கேட்டிருக்க மாட்டேன், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. எத்தன வாட்ஸ்அப் ஃபார்வேர்ட பாத்து கொதிச்சு பத்து பேருக்கு அனுப்பிட்டு மறுநாள் முழிச்சிருக்கேன்.

அதுக்காக பென்யமீன் நல்லவங்கன்னு இல்ல. மத்த கோத்திரங்க ஆள் அனுப்பி, அந்தக் கும்பல மட்டும் ஒப்படைங்கன்னுதான் முதல்ல கேக்குறாங்க. நியாயமான கேள்வி. குடுத்திருந்தா முடிஞ்சிருக்கும். ஆனா "நம்ம பயலுக"ங்கிற ஒத்த வார்த்தைக்காக ஒரு கோத்திரமே வாள எடுக்குது, 26,000 பேரும் கிபியாவுலேர்ந்து 700 பேரும். அதுல இடதுகைக்காரன் 700 பேர், கவண்கல்ல ஒரு மயிரிழை தப்பாம எறியுற ஆளுங்க. பென்யமீன்னா "வலதுகையின் மகன்"னு அர்த்தம், அந்த வம்சத்துல இடதுகைக்காரங்க பிரசித்தம், மோவாப் நாட்டு எக்லோன் ராஜாவ குத்துன ஏகூத்தும் பென்யமீன்தான்.

மத்த இஸ்ரவேலர் கர்த்தர்கிட்ட கேக்குறாங்க, ஆனா முதல் தடவ கேக்குற கேள்விய பாருங்க: எங்கள்ல யாரு முதல்ல போகணும்? போகணுமா வேண்டாமாங்கிறது முடிவாயிடுச்சு, வரிசை மட்டும்தான் பாக்கி. யூதான்னு பதில் வருது, ஜெயிப்பீங்கன்னு வரல. அன்னைக்கு 22,000 பேர் விழுறாங்க. சாயங்காலம் வரைக்கும் அழுதுட்டு ரெண்டாவது தடவ கேக்கும்போதுதான் "என் சகோதரனாகிய பென்யமீன்"னு வாயில வருது. இருபத்திரெண்டாயிரம் பிணத்துக்கு அப்புறம்தான் சகோதரன்ங்கிற சொல்லே ஞாபகம் வந்திருக்கு. மறுநாள் இன்னும் 18,000. மூணாவது தடவ பெத்தேல்ல உபவாசம் இருந்து, பலி செலுத்தி, போகணுமா இல்ல நிறுத்திடணுமான்னு கேக்குறாங்க. "நிறுத்திடணுமா"ங்கிறது அப்பதான் வருது. ரெண்டு நாள்ல 40,000, வந்தவங்கள்ல பத்துல ஒருத்தன். (எபிரெயத்துல ஆயிரம்ங்கிற சொல்லுக்கே குலம், படைப்பிரிவுன்னும் பொருள் உண்டு, அதனால இந்த நம்பர் எல்லாம் பெருசா தெரியுதுன்னு சொல்ற அறிஞர்கள் உண்டு. அப்படியே இருக்கட்டும், விகிதம் மாறாதுல்ல.)

அங்க உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னாடி நிக்கிற ஆசாரியன் பினெகாஸ், ஆரோனோட பேரன். இந்தப் பேர பாத்ததும் எனக்கு யோசுவா 22 ஞாபகம் வந்துச்சு. ரூபன், காத், மனாசேயில பாதி, இந்த மூணு கோத்திரமும் யோர்தான் பக்கத்துல பெரிய பலிபீடம் ஒண்ணு கட்டிருச்சுன்னு சேதி வந்ததும் மத்தவங்க எல்லாம் சீலோவுல கூடி யுத்தத்துக்குக் கிளம்பிட்டாங்க. ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி இதே பினெகாஸையும் பத்து பிரபுக்களையும் அனுப்பி ஏன் இப்படி பண்ணீங்கன்னு கேட்டாங்க. அவங்க சொன்ன பதில் இது: பலியிடுறதுக்கு இல்லப்பா, நாளைக்கு உங்க பிள்ளைங்க எங்க பிள்ளைங்கள பாத்து "ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற உங்களுக்கும் கர்த்தருக்கும் என்ன சம்பந்தம்"னு கேட்டுடக் கூடாது, அதுக்கு ஒரு சாட்சியா கட்டினோம். அவ்ளோதான். எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. பிரசங்கத்துல இத யாரும் எடுத்துப் பேசி நான் கேட்டதில்ல. சண்டை நடக்காத அதிகாரம்னா நமக்கு சுவாரஸ்யம் இல்ல போல.

மூணாம் நாள் பதிவிடை (ஒளிஞ்சிருந்து தாக்குற படை) வச்சு கிபியாவ பிடிக்கிறாங்க, ஊர்ல இருந்து புகை எழும்புது, பென்யமீன் திரும்பிப் பாத்து கலங்குது. 25,000 பேருக்கு மேல காலி. வனாந்தரத்துக்கு ஓடி ரிம்மோன் கன்மலையில ஏறி நாலு மாசம் ஒளிஞ்சிருந்த 600 ஆம்பளைங்கதான் மிச்சம். அதோட நிறுத்தல, ஊர் ஊரா போய் ஆள், மாடு, அகப்பட்டதெல்லாம் வெட்டி நெருப்பு வச்சாங்க. அந்தக் கும்பல்ல எத்தன பேர் இருந்திருப்பான், பத்து? இருபது?

(கிபியா இதுதான்னு பெரும்பாலானவங்க சொல்ற மேடு எருசலேமுக்கு வடக்க இருக்கு, தெல் எல்-ஃபுல்னு பேரு. 1960கள்ல ஜோர்டான் ராஜா ஹுசேன் அது உச்சியில ஒரு அரண்மனை கட்ட ஆரம்பிச்சார், 1967 யுத்தம் வந்து பாதியில நின்னு போச்சு, கான்கிரீட் எலும்புக்கூடா நின்ன போட்டோவ பாத்திருக்கேன். ராஜாவே இல்லாத காலத்துல நடந்ததுன்னு சொல்ற கதைக்கு இப்படி ஒரு மேடு.)

இனிமேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச, ரொம்ப எரிச்சல் வர்ற பகுதி. கோபத்துல மிஸ்பாவுல ஒரு சத்தியம் பண்ணிருக்காங்க, எங்க பொண்ண பென்யமீனுக்குக் குடுக்க மாட்டோம்னு. இப்போ உக்காந்து சத்தமா அழுறாங்க, ஐயோ ஒரு கோத்திரம் இல்லாம போகுதேன்னு. வெட்டினது யாருப்பா? சத்தியத்த மீற பயம். சரி, அன்னைக்கு தப்பா சத்தியம் பண்ணிட்டோம்னு ஒத்துக்கிட்டா என்ன, அது மட்டும் வரல, சந்து தேடுறாங்க.

எங்க தாத்தாவும் அவர் தம்பியும் ஒரு வரப்புக்காக பேச்சு விட்டவங்க. "உன் வீட்டுல பச்சத்தண்ணி குடிச்சா ஏன்னு கேளு"ன்னு தாத்தா சத்தியம். பதினோரு வருசம் கழிச்சு தம்பி மக கல்யாணம், போகாம இருக்க முடியல. போனார். வீட்டுக்குள்ள நுழையல, தெருவுல போட்ட பந்தல்ல உக்காந்தார், கேட்டா தெரு பஞ்சாயத்துக்கு சொந்தம்ங்கிறார். தாகத்துக்கு கடையில கலர் வாங்கிட்டு வரச் சொல்லி குடிச்சார், அது பச்சத்தண்ணி இல்லியே! நாங்க இன்னைக்கும் சொல்லிச் சிரிக்கிறோம். தாத்தா சந்து தேடினதுல செலவு ஒரு பாட்டில் கலர்.

இஸ்ரவேலர் தேடின சந்து யாபேஸ். மிஸ்பா கூட்டத்துக்கு யாரு வரலன்னு எண்ணிப் பாத்தா கீலேயாத்ல உள்ள யாபேஸ் ஊர்ல இருந்து ஒருத்தனும் வரல. அப்போ அவன் சத்தியமும் பண்ணல. 12,000 பேர அனுப்பி ஊரையே, பிள்ளைகுட்டியோட வெட்டிட்டு, கன்னிப் பொண்ணுங்க 400 பேர மட்டும் பிடிச்சுக்கிட்டு வந்து ரிம்மோன்ல இருந்தவங்களுக்குக் குடுத்தாங்க. ஒரு பொண்ணுக்கு நடந்த கொடுமைக்கு நியாயம் கேட்டுக் கிளம்பின படை இது. (பின்னாடி அதே கிபியாவுல இருந்து சவுல் ராஜா வர்றான், முதல் வேலையா யாபேஸை அம்மோனியன்கிட்ட இருந்து காப்பாத்துறான், ஆள் திரட்ட மாட்ட துண்டு துண்டா வெட்டி தேசம் பூரா அனுப்புறான். மாடுங்கிறதுல எனக்கு ஒரு சின்ன ஆறுதல். அவன் செத்து பெலிஸ்தர் பெத்ஸான் மதில்ல உடம்பத் தொங்கவிட்டப்போ ராத்திரியெல்லாம் நடந்து வந்து இறக்குனது யாபேஸ் ஆளுங்க.)

600க்கு 400 போனா இன்னும் 200 குறையுது. பெரியவங்க மறுபடி யோசிக்கிறாங்க. சீலோவுல வருசா வருசம் கர்த்தருக்கு பண்டிகை, பொண்ணுங்க ஆடிக்கிட்டு வெளிய வருவாங்க. பெத்தேலுக்கு வடக்க, சீகேமுக்குப் போற பாதைக்குக் கிழக்க, லிபோனாவுக்குத் தெக்கன்னு வழி சொல்ற மாதிரி அவ்ளோ துல்லியமா இடம் எழுதியிருக்கு. திராட்சத் தோட்டத்துக்குள்ள பதுங்கியிருந்து ஆளுக்கு ஒருத்திய தூக்கிட்டு ஓடுங்க. நாங்க குடுக்கல, நீங்க எடுத்துக்கிட்டீங்க, சத்தியமும் உடையல.

அந்தப் பொண்ணோட அப்பனோ அண்ணனோ வந்து சண்டை போட்டா? அதுக்கும் பெரியவங்க பதில் ரெடி பண்ணி வச்சிருக்காங்க: எங்களுக்காகப் பொறுத்துக்கோங்க, யுத்தத்துல எல்லாருக்கும் பொண்ணு கிடைக்கல, நீங்களா குடுக்கலல்ல, அதனால உங்க மேல குத்தமும் இல்ல. முழு டயலாக்கும் எழுதியிருக்கு. எந்த அப்பனாவது வந்து கேட்டானான்னு எழுதல. 600 பேரும் அவங்கவங்க சுதந்தரத்துக்கு, அதாவது சொந்த நிலத்துக்கு, திரும்பிப் போய் ஊர்களக் கட்டிக் குடியிருந்தாங்கன்னு அடுத்த வரி போயிடுது.