அப்பாவுக்கு வந்த 148ஏ நோட்டீஸும், வரி வக்கீலுடன் முதல் சந்திப்பும்

அப்பா சென்னை கொளத்தூர் வீட்டை 2020 நவம்பரில் 78 லட்சத்துக்கு விற்றார். 2021 பிப்ரவரியில் அந்தப் பணத்தில் மடிப்பாக்கத்தில் 61 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் வாங்கினார். பதிவுச் செலவு போக மிஞ்சியதை டெபாசிட்டில் போட்டார். வீட்டை வாங்கியவர் பணம் கொடுக்கும்போதே டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்துக் கட்டிவிட்டதால், "வரிதான் பிடிச்சாச்சே" என்று அப்பா அத்தோடு விட்டுவிட்டார். வட்டி வருமானம் மட்டும் உள்ளவர், வருமான வரி ரிட்டர்ன் போட்டுப் பழக்கமே இல்லாதவர். இப்படி நினைத்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2025 மார்ச்சில் மெயிலில் நோட்டீஸ் வந்தது. 78 லட்சத்துக்குச் சொத்து விற்றிருக்கிறீர்கள், ரிட்டர்ன் தாக்கல் செய்யவில்லை, ஏன் மறுமதிப்பீடு செய்யக் கூடாது, அதாவது அந்தப் பழைய வருடத்தை மறுபடி திறந்து ஏன் வரி போடக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தின் 148ஏ பிரிவின் கீழ் விளக்கம் கேட்டிருந்தார்கள். அப்போதைய விதிப்படி, 30 லட்சமும் அதற்கு மேலும் போகிற சொத்துப் பரிமாற்றங்களைப் பதிவுத் துறையே வருமான வரித் துறைக்குத் தெரிவித்துவிடும். எதையும் கழிக்காமல் மொத்தத் தொகைக்கும் 20 சதவீதம் போட்டால் வரி மட்டும் 15.6 லட்சம். வட்டியும் அபராதமும் தனி. அப்பாவுக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை.

முதலில் அது உண்மையான நோட்டீஸ்தானா என்று பார்த்தோம். 2019 அக்டோபர் முதல் துறை அனுப்பும் கடிதங்களில் டின் என்ற ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். வருமான வரி போர்ட்டலின் முகப்பிலேயே, லாகின் செய்யாமல், அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். போலி மெயில்கள் சுற்றுகிற காலத்தில் இதைச் செய்யாமல் யாருக்கும் போன் போடாதீர்கள். எங்களுக்கு வந்தது நிஜ நோட்டீஸ்தான்.

தெரிந்த ஆடிட்டரிடம் போனோம். அவர் நேர்மையாகச் சொன்னார்: "கணக்குப் போட்டுக் கொடுக்க நான் இருக்கேன். ஆனா 148ஏ-க்கு இப்ப எழுதுற பதிலை வச்சுத்தான் நாளைக்கு அப்பீல், ஐகோர்ட் எல்லாம். ஒரு டாக்ஸ் வக்கீல் பார்த்துடட்டும்." வருமான வரித் துறை முன்னால் ஆடிட்டரும் ஆஜராகலாம், வக்கீலும் ஆஜராகலாம். ஆனால் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வந்தால் வக்கீல்தான். இன்னொன்று, கட்சிக்காரர் தொழில்முறையில் வக்கீலிடம் சொன்னதை அவர் வெளியே சொல்லக் கூடாது என்று சாட்சியச் சட்டமே பாதுகாக்கிறது. ஆடிட்டரிடம் பேசுவதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் கூகுளில் தேடி நல்லவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கேட்டுத்தான் போக வேண்டும். பாரிமுனைப் பக்கம், ஐகோர்ட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் வக்கீல் ஆபீஸ்கள் வரிசையாக இருக்கும். ஆனால் சிவில், கிரிமினல் பார்ப்பவர் வேறு, நேர்முக வரி பார்ப்பவர் வேறு. ஜிஎஸ்டி மட்டும் பார்ப்பவர்களும் உண்டு. நான் போனில் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: "தனிநபர் வீடு விற்ற விவகாரத்தில் 148ஏ பதில் போட்டிருக்கீங்களா?" ஒருவர் விவரத்தை முழுசாகக் கேட்காமலே, "எவ்வளவு வரி மிச்சப்படுத்துறேனோ அதுல பத்து பர்சென்ட் கொடுங்க" என்றார். வழக்கின் முடிவை வைத்துக் கட்டணம் பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. அதை மீறி பேரம் பேசுகிறவரை நம்பி அப்பாவின் பத்திரங்களைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் ஆடிட்டர் சொன்ன ஒரு பெண் வக்கீலிடம் நேரம் வாங்கினோம். முதல் சந்திப்புக்கு 3,000 ரூபாய் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

சந்திப்புக்கு முன் செய்த வேலைதான் எங்களைக் காப்பாற்றியது என்று இப்போதும் நினைக்கிறேன். கொளத்தூர் வீட்டின் தாய்ப் பத்திரம், விற்ற கிரையப் பத்திரம், மடிப்பாக்கம் ஃபிளாட்டின் பத்திரம், இரண்டுக்கும் வில்லங்கச் சான்று, 2020 ஏப்ரல் முதல் 2021 மார்ச் வரை அப்பாவின் எல்லா வங்கிக் கணக்கு ஸ்டேட்மென்ட்டும், பிடித்த வரியையும் துறைக்குத் தெரிந்த பரிமாற்றங்களையும் காட்டும் 26ஏஎஸ், ஏஐஎஸ் பட்டியல்களைப் போர்ட்டலிலிருந்தும் எடுத்தோம். ஸ்டேட்மென்ட்டில் வீட்டுப் பணம் உள்ளே வந்த வரிகளையும் ஃபிளாட்டுக்கு வெளியே போன வரிகளையும் ஒரே நிறத்தில் கோடு போட்டேன்.

அப்புறம் ஒரே ஒரு பக்கத்தில் தேதிப் பட்டியல் எழுதினேன். மனை வாங்கியது 1986. வீடு கட்டியது 1991. அட்வான்ஸ் வாங்கிய தேதி, எந்த வங்கிக் காசோலை. கிரையம் ஆன தேதி. ஃபிளாட் பதிவான தேதி. நோட்டீஸ் தேதி, பதில் தர வேண்டிய கடைசி தேதி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதைக் காட்டும் ஆவணத்தின் எண்ணையும் குறித்தேன். அப்பாவுக்கு நினைவில்லாததை யூகித்து நிரப்பாமல் வெறுமனே விட்டுவிட்டேன்.

வக்கீல் கோப்பைத் திறக்கவே இல்லை, முதலில் அந்த ஒரு பக்கத்தைத்தான் படித்தார். கடைசி தேதியை வட்டமிட்டுவிட்டு அப்பாவைப் பார்த்து, "சார், புது ஃபிளாட் யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார். அப்பா, அம்மா இரண்டு பேர் பெயரிலும். "பணம்?" முழுக்க அப்பாவின் கணக்கிலிருந்து. கோடு போட்ட ஸ்டேட்மென்ட்டை நீட்டினேன். மனைவி பெயரில் வாங்கிய வீட்டுக்கும் 54-ஆம் பிரிவு விலக்கு (வீடு விற்ற லாபத்தில் வேறு வீடு வாங்கினால் கிடைப்பது) உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது, இது கூட்டுப் பெயர்தான், பயப்பட வேண்டாம் என்றார். அடுத்து, பத்திரத்தில் போட்டதற்கு மேல் ரொக்கம் ஏதாவது வாங்கினீர்களா, விற்ற அன்று அரசு வைத்திருந்த வழிகாட்டி மதிப்பு என்ன என்று கேட்டார். அப்பா சட்டென்று, "இல்லம்மா, எல்லாம் செக், டிடிதான்" என்றார். வழிகாட்டி மதிப்பும் விற்ற விலைக்குக் குறைவாகத்தான் இருந்தது.

பிறகுதான் சட்டத்தை விளக்கினார். 2001-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால், 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பைச் செலவாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அப்பாவுக்குப் பொருந்தும் 2021-22 மதிப்பீட்டு ஆண்டு (2020-21 வருமானத்தைக் கணக்கிடும் ஆண்டு) முதல், அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அந்த மதிப்பு 9 லட்சம் என்று வைத்துக்கொண்டால், 2020-21க்கான பணவீக்கக் குறியீட்டின்படி 100-க்கு 301 என்று போட்டு 27.09 லட்சம். லாபம் 50.91 லட்சம். விற்ற இரண்டு வருடத்துக்குள் அதைவிட அதிகத் தொகைக்கு வீடு வாங்கிவிட்டதால் வரி பூஜ்யம். "வரி இல்லைன்னாலும் ரிட்டர்ன் போட்டிருக்கணும் சார். விலக்கைக் கழிக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற வருமானத்தைத்தான் சட்டம் பார்க்குது" என்று அவர் சொன்னபோது அப்பாவின் முகம் வாடிவிட்டது. வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு பேசவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நகர்ந்துவிட்டார். நல்ல வக்கீல் என்று எனக்குத் தோன்றியது அந்த இடத்தில்தான்.

கட்டணத்தைக் கட்டம் கட்டமாக எழுதித் தரச் சொன்னேன், தந்தார். 148ஏ பதிலுக்கு 25,000. பதிலை ஏற்காமல் மறுமதிப்பீட்டைத் தொடங்கும் 148 நோட்டீஸ் வந்தால் ரிட்டர்னும் மதிப்பீடும் தனி, அப்பீல் தனி. பதிலை யார் எழுதுவார்கள், ஜூனியரா நீங்களா என்றும் கேட்டேன். ஜூனியர் எழுதுவார், நான் திருத்துவேன், அனுப்பும் முன் உங்களுக்கு வரைவு வரும் என்றார். இதையெல்லாம் கேட்கக் கூச்சப்படவே கூடாது. போர்ட்டல் பாஸ்வேர்டை அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் தரவில்லை. பதிலை அப்பாவின் லாகினில் நாங்களே ஏற்றினோம்.

2001 வழிகாட்டி மதிப்புக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அலைந்தது, அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கியது எல்லாம் சலிப்பான வேலை. ஆனால் முடிந்தது. ஜூனில் உத்தரவு வந்தது: விளக்கம் ஏற்கப்படுகிறது, 148 நோட்டீஸ் தேவையில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். வக்கீல் விடவில்லை. வரியே இல்லை என்றால், அன்று பிடித்த டிடிஎஸ் யாருடைய பணம்? கொரோனா சலுகையில் அப்போது ஒரு சதவீதத்துக்குப் பதில் முக்கால் சதவீதம் பிடித்தார்கள், அப்படியும் 58,500 ரூபாய். ரிட்டர்ன் போடும் காலக்கெடு போனாலும், தாமதத்தை மன்னிக்கக் கோரி 119-ஆம் பிரிவில் மனுப் போடலாம், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருடம் வரை அவகாசம் உண்டு என்றார். அப்பாவுக்கு அது 2027 மார்ச் 31. அதே தேதிப் பட்டியலையும் ஜூன் உத்தரவின் நகலையும் இணைத்து, நுங்கம்பாக்கம் ஆயகர் பவனில் முதன்மை ஆணையருக்கு மனுக் கொடுத்திருக்கிறோம்.